வரப்பில்லாத கணக்கு

ஆற்றல் என்பது ஓர் எண். கையில் அள்ளவோ தராசில் வைக்கவோ முடிகிற சரக்கு அன்று. நீர் விழுகிறது, இரும்பு சுழல்கிறது, கம்பி சூடேறுகிறது, விளக்கு எரிகிறது. ஒரு நிகழ்வில் மாறிக்கொண்டிருக்கும் இத்தனைக்கும் உரிய மதிப்பை முறைப்படி கணக்கிட்டுக் கூட்டினால் ஒரு தொகை வருகிறது. மற்றதெல்லாம் மாற, அந்தத் தொகை மட்டும் அப்படியே நிற்கிறது. அதற்கு இட்ட பெயரே ஆற்றல். பள்ளிப் பாடநூலில் வரும் ‘வேலை செய்யும் திறன்’ என்ற வரையறை தொடங்கி வைக்க உதவும், நெடுந்தூரம் கூட வராது. வைகை அணையில் தேங்கிய நீர் முழுவதும் வெப்பமாகப் பொதிந்திருக்கும் ஆற்றல் மிகப் பெரியது. சுற்றியுள்ள காற்றும் கரையும் அதே சூட்டில் இருக்கும்வரை, அதைக்கொண்டு ஒரு தையல் இயந்திரத்தைக்கூட ஓட்ட முடியாது. வேலைக்கு ஆகாத நிலையிலும் அது ஆற்றல்தான். ஆகவே திறனைக்கொண்டு ஆற்றலை அடையாளம் காண்பதைவிட, மாறாமையைக்கொண்டு காண்பதே சரி.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, அரபிக்கடலுக்குப் போகவேண்டிய நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியது. தேக்கடி தலைமதகைத் தாண்டி வரும் நீர், குமுளிக்கு அருகே ஃபோர்பே அணையில் சற்றே நின்று, ராட்சதக் குழாய்களுக்குள் புகுந்து, முந்நூறு மீட்டருக்கும் மேல் சரிந்து லோயர் கேம்ப் மின் நிலையத்தை அடைகிறது. அங்கே நான்கு இயந்திரங்கள். நிறுவியபோது ஒவ்வொன்றும் 35 மெகாவாட், மொத்தம் 140. ஒரு கன மீட்டர் நீர் 300 மீட்டர் இறங்கும்போது கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 29 லட்சம் ஜூல். வீட்டு மீட்டரின் மொழியில் சொன்னால் 0.8 யூனிட். அதில் ஒரு பங்கு குழாயோடு உரசிச் சூடாகப் போகும், ஒரு பங்கு இயந்திரத்தின் அதிர்வாகப் போகும், பெரும்பங்கு கம்பியில் ஏறும். மின் நிலையம் ஓடாத நாட்களில் நீரை இரைச்சல் பாலம் வழியாகத் திறந்துவிடுவது உண்டு. அதே மலை, அதே இறக்கம், ஆனால் யூனிட் ஒன்றும் இல்லை. அந்த ஆற்றல் நுரையாகவும், பாலத்தின் பெயரிலேயே ஒட்டிக்கொண்ட இரைச்சலாகவும் மாறி, கடைசியில் நீரின் சூடாக அடங்கிவிடுகிறது.

எவ்வளவு சூடு என்பதையும் கணக்கிடலாம். சுருளி அருவி சுமார் 150 அடி உயரத்திலிருந்து விழுகிறது. விழுந்த வேகம் முழுவதும் சூடாக மாறினால் அடியில் உள்ள நீர் மேலே இருந்ததைவிட 0.1 டிகிரி செல்சியஸ் மட்டும் கூடியிருக்கும். 300 மீட்டர் இறக்கத்துக்கு 0.7 டிகிரி. குளிக்கிறவர் உடம்பு உணராத வேறுபாடு இது. ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஜூல் 1847இல் மணமுடித்து ஆல்ப்ஸ் மலைக்குப் போனபோது, கையில் வெப்பமானியையும் கொண்டுபோய் அருவியின் மேலும் கீழும் அளந்து பார்க்க விரும்பினார். நீர் திவலையாகச் சிதறியதால் அளவு கைகூடவில்லை. ஆய்வுக்கூடத்தில், விழும் எடையால் துடுப்பைச் சுழற்றி நீரைச் சூடாக்கி, அவர் பெற்ற எண்கள் நிலைத்தன. அவருக்கு முன்பே, கப்பல் மருத்துவராக ஜாவா போய்வந்த ஜெர்மானியர் ராபர்ட் மேயர் 1842இல், இயக்கமும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறும் என்ற இதே முடிவை எழுதியிருந்தார். வெப்பநாட்டில் மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தைவிடச் சிவந்திருப்பதைக் கண்டு, உடம்பு சூடு காக்க எரிக்கும் அளவு குறைகிறது என்று எண்ணத் தொடங்கியதில் பிறந்த முடிவு அது. 1847இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதைப் பொது விதியாக்கினார். ஆற்றல் உருமாறும், அழியாது, புதிதாகத் தோன்றாது.

இந்த விதிக்குள் இரண்டு கூற்றுகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. பள்ளத்தாக்கின் நீர்க் கணக்கு அவற்றைப் பிரித்துக் காட்டும். ஒரு வயலுக்குள் மடைவழியே வந்த நீர், கடைமடையில் வெளியேறிய நீர், உள்ளே தங்கிய நீர் ஆகிய மூன்றும் பொருந்தவேண்டும். இது வயல் அளவிலான கணக்கு. எவ்வளவு சின்ன பாத்திக்கும் இதைப் போடலாம். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கும் சேர்த்து மொத்த நீர் எவ்வளவு என்பது வேறு கேள்வி. அதற்கு எல்லை வேண்டும், எல்லா இடத்திலும் ஒரே வேளையில் அளக்கும் ஏற்பாடு வேண்டும், அளவுகோல் எங்கும் ஒன்றாக இருக்கவேண்டும். சாதாரண வாழ்வில் முதல் கணக்கு சரியானால் இரண்டாவது தானாகவே சரியாகிவிடும். அதனால் இரண்டும் ஒன்று என்றே மனம் பழகிவிட்டது. பேரண்டம் விரிகிறது என்று தெரியவந்தபோது பிரிந்து நின்றவை இந்த இரண்டும்தான்.

அதற்கு முன், அழிவின்மை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். கோவை மாவட்டத்து மலையில் உள்ள காடம்பாறை நீரேற்று மின் நிலையம் இதற்கு நல்ல பாடம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றுவார்கள். தேவை கூடும் நேரத்தில் அதே நீரை இறக்கி 400 மெகாவாட் வரை எடுப்பார்கள். ஏற்றச் செலவிட்டதைவிட இறக்கும்போது கிடைப்பது எப்போதும் குறைவுதான், உராய்வு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பூமியின் ஈர்ப்பு இரவில் சற்றுக் குறைந்தும் மாலையில் சற்றுக் கூடியும் இருக்கும் ஓர் உலகைக் கற்பனை செய்தால் கதை மாறும். இலேசான நேரத்தில் ஏற்றி, கனத்த நேரத்தில் இறக்கினால், நாள்தோறும் எங்கிருந்தும் வராத ஆற்றல் கையில் சேரும். அப்படி நடக்காததற்குக் காரணம், இயற்கையின் விதிகளுக்கு இரவும் மாலையும் ஒன்றாக இருப்பதே. காலம் எந்த வேளைக்கும் தனிச்சலுகை தராமல் இருக்கும் இந்தச் சமச்சீரிலிருந்து ஆற்றல் அழிவின்மை கணிதமாகப் பிறக்கிறது என்று 1918இல் நிறுவியவர் எம்மி நோதர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பெண் என்பதற்காகப் பதவியும் ஊதியமும் மறுக்கப்பட்டு, கணிதவியலாளர் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை நடத்திவந்த காலத்தில் அவர் எழுதிய கட்டுரை அது. ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டில் ஆற்றல் ஏன் பழைய முறையில் கணக்கில் வர மறுக்கிறது என்று ஹில்பர்ட்டும் க்ளைனும் குழம்பிநின்றபோது, அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் நோதர் இந்த ஆய்வில் இறங்கினார். இன்று பாடநூல்களில் விதியின் ஆதாரமாக நிற்கும் தேற்றம், விதி தடுமாறிய இடத்திலிருந்தே வந்தது.

விதியைக் காப்பாற்றுவதற்காகவே ஒரு துகள் கற்பனை செய்யப்பட்ட வரலாறும் உண்டு. அந்தத் துகளின் பெயர் தேனி மாவட்டத்தில் டீக்கடை வரை தெரியும்.

சில அணுக்கருக்கள் எலக்ட்ரானை உமிழ்ந்து வேறு கருவாக மாறுகின்றன. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு ஆற்றல் வெளியாகவேண்டும். ஆனால் வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றல் ஒன்றுபோல் இல்லாமல் சிறிதும் பெரிதுமாகப் பரவிக் கிடப்பதை 1914இல் சாட்விக் கண்டார். 1927இல் எல்லிஸ், வூஸ்டர் இருவரும் ரேடியம் ஈ என்ற கதிரியக்கப் பொருளை வெப்ப அளவியில் அடைத்து, வெளியாகும் சூடு முழுவதையும் அளந்தார்கள். ஒரு சிதைவுக்கு 10.5 லட்சம் எலக்ட்ரான்வோல்ட் வரை கிடைக்கவேண்டிய இடத்தில் சராசரியாகக் கிடைத்தது ஏறத்தாழ 3.5 லட்சம்தான். மிச்சம் எங்கே போயிற்று? அணுவுக்குள் ஆற்றல் ஒவ்வொரு நிகழ்விலும் காக்கப்படாமல், சராசரியில் மட்டும் காக்கப்படலாம் என்று சொல்ல நீல்ஸ் போர் துணிந்தார். வுல்ஃப்காங் பௌலி அதை ஏற்கவில்லை. 1930 டிசம்பர் 4 அன்று, டூபிங்கன் நகரில் கூடியிருந்த கதிரியக்க ஆய்வாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், மின்னூட்டம் இல்லாத, எளிதில் சிக்காத ஒரு துகள் மிச்சத்தை எடுத்துக்கொண்டு போகிறது என்று முன்மொழிந்தார். ஃபெர்மி அதற்கு நியூட்ரினோ என்ற பெயரை நிலைநிறுத்தி, 1934க்குள் முழுக் கோட்பாடாக்கினார். 1956இல் ரைன்ஸும் கோவனும் அணு உலை அருகே அதைப் பிடித்தார்கள். கணக்கில் விழுந்த துண்டை நிரப்ப எழுதிவைத்த பெயர், இருபத்தாறு ஆண்டுகள் கழித்து ஆளாக வந்து நின்றது. ஆற்றல் அழிவின்மைக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை.

இந்தியாவுக்கு இந்தக் கதையில் பழைய பங்கு உண்டு. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக இறங்கி உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன் முதலியோரின் குழு ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை 1965இல் கண்டது. அந்த ஆண்டில் உலகிலேயே முதலாவதாக நிகழ்ந்த கண்டறிதல்களில் ஒன்று அது. சுரங்கம் மூடப்பட்டபின் இந்தியாவின் நியூட்ரினோ ஆய்வுக்கு வேறு மலை தேவைப்பட்டது. நீலகிரியின் சிங்காரா முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு அருகில் இருந்ததால் அனுமதி கிடைக்கவில்லை. தேர்வு தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்துக்கு, போடி மேற்கு மலைக்கு வந்தது. 2015 ஜனவரியில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அம்பரப்பர் மலையைச் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் குடைந்து, எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பாறை சூழ்ந்த குகையில், 50,000 டன் காந்தமேற்றிய இரும்புத் தட்டுகளை அடுக்குவது என்பது திட்டம். 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, 2018இல் ஒன்றிய அரசு மீண்டும் அனுமதி தந்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவின் அண்மை, மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர்ப்பிடிப்பு, வெடிவைத்துப் பாறை உடைப்பது ஆகியவை வழக்கின் நடுவில் இருந்தன. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை விரும்பவில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

அந்தப் பல ஆண்டு விவாதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துபோயின. நியூட்ரினோ உடம்பைத் துளைத்துக் கெடுக்குமா என்பது ஒன்று. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டுமே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்கு ஏறத்தாழ 6,000 கோடி வீதம், திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓசையின்றிக் கடந்துபோகின்றன. அவற்றால் எந்தத் தீங்கும் இல்லை. மலையைக் குடைந்தால் ஊற்றும் காடும் என்ன ஆகும் என்பது மற்றொன்று. அது மலையடிவாரத்தில் வாழ்கிறவர்கள் கேட்டே தீரவேண்டிய, சான்றோடு பதில் பெறவேண்டிய கேள்வி. இரண்டையும் ஒரே மூச்சில் பேசியதால் அறிவியலுக்கும் நியாயம் கிடைக்கவில்லை, மலைக்கும் கிடைக்கவில்லை.

இனி விரிவுக்கு வரலாம். பெரியகுளத்திலிருந்து அண்ணாந்தால் தெரியும் மலைத்தொடரின் மேலே, கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899 முதல் இயங்குகிறது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கேதான் சூரியக் கரும்புள்ளியின் நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டு, வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்று காட்டினார். விலகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் சாயும், நெருங்கும் பொருளின் ஒளி நீலப் பக்கம் சாயும். இதே அளவையைத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களுக்குப் போட்டபோது, ஏறத்தாழ எல்லாமே சிவப்புப் பக்கம் சாய்ந்திருந்தன; தொலைவு கூடக் கூடச் சாய்வும் கூடியது. 1922இல் ஃப்ரீட்மன் காகிதத்தில் கண்ட விரிவை, 1927இல் லெமெத்ர் வானத்தோடு பொருத்தினார். 1929இல் ஹப்பிளின் அளவைகள் அதை ஊன்றி நிறுத்தின.

சிவப்பாதல் என்றால் அலைநீளம் கூடுதல். ஒளித்துகளின் ஆற்றல் அலைநீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், சிவப்பாதல் ஆற்றல் குறைதலும் ஆகும். பேரண்டத்துக்கு ஏறத்தாழ 3,80,000 வயதானபோது, 3,000 கெல்வின் சூட்டில் இருந்த வாயு தெளிந்து, ஒளி தடையின்றிப் பயணப்படத் தொடங்கியது. அந்த ஒளியை 1965இல் பென்சியாஸும் வில்சனும் நுண்ணலைகளாகப் பிடித்தார்கள். இன்று அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். ஒரு கன சென்டிமீட்டருக்கு 411 ஒளித்துகள்கள். எண்ணிக்கையில் யாரும் தொலையவில்லை. வெளி விரிந்ததால் அடர்த்தி மட்டும் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு துகளும் புறப்பட்டபோது வைத்திருந்த ஆற்றலில் ஏறத்தாழ 1,100இல் ஒரு பங்கோடுதான் வந்து சேர்கிறது. மீதி எங்கே?

முதலில் தோன்றும் விடை லாரி டயரிலிருந்து வருகிறது. வால்வை அழுத்தினால் சீறிவரும் காற்று குளிர்ந்திருக்கும். உள்ளே நெருங்கியிருந்த காற்று, விரியும்போது வெளிக்காற்றைத் தள்ளி வேலை செய்கிறது. அந்த வேலைக்கான விலையைத் தன் சூட்டிலிருந்து கொடுக்கிறது. பேரண்டத்தின் சமன்பாடும் எழுத்துக்கு எழுத்து இதே வடிவம் உடையது. ஒரு பகுதிக்குள் உள்ள ஆற்றல் குறையும் அளவு, அங்குள்ள அழுத்தத்தைப் பருமன் கூடிய அளவால் பெருக்கிய தொகை. கதிர்வீச்சின் அழுத்தம் அதன் ஆற்றல் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு. அதைப் போட்டால் மேலே சொன்ன குளிர்ச்சி அப்படியே வருகிறது. கணக்கு சரி. ஆனால் டயருக்கு வெளியே காற்று இருக்கிறது, விலையை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. பேரண்டத்துக்கு வெளிப்புறம் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருக்கும் என்றால், பக்கத்துத் தோட்டக்காரரும் அதே அளவு இழந்து நிற்கிறார், அவருக்கு அடுத்தவரும் அப்படியே. எல்லாரும் கொடுத்திருக்கிறார்கள், வாங்கியவர் எவரும் இல்லை.

விரியும் வெளியில் பொருள்கள் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. அழுத்தமில்லாத சாதாரணப் பொருள் விரிவோடு அடர்த்தி குறைந்தாலும் ஒரு பகுதியில் உள்ள மொத்தம் மாறுவதில்லை. கதிர்வீச்சு மொத்தத்திலும் இழக்கிறது. மூன்றாவது விசித்திரமானது. 1998இல் தொலைவிலுள்ள மீவிண்மீன் வெடிப்புகளை அளந்த இரண்டு குழுக்கள், விரிவு வேகம் கூடிவருகிறது என்று கண்டன. அதற்குக் காரணமாகக் கருதப்படும் இருள் ஆற்றல், இன்றைய பேரண்டத்தின் இருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு. அது ஐன்ஸ்டைனின் அண்டவியல் மாறிலியாகவே இருந்தால், வெளி எவ்வளவு விரிந்தாலும் அதன் அடர்த்தி குறையாது. ஒரு பகுதி ஒவ்வொரு திசையிலும் இரட்டித்தால் அதற்குள் உள்ள இருள் ஆற்றல் எட்டு மடங்காகும். கதிர்வீச்சின் இழப்புக்கு வாங்கியவர் இல்லாததுபோல், இந்த வரவுக்குக் கொடுத்தவரும் இல்லை. ஆனாலும் வயல் அளவிலான கணக்கு இங்கேயும் பிசகுவதில்லை. இருள் ஆற்றலின் அழுத்தம் எதிர்க்குறி உடையது. அதைச் சமன்பாட்டில் போட்டால் இழப்பு வரவாகத் திரும்பி, எட்டு மடங்கும் துல்லியமாகக் கிடைக்கிறது. இழப்பு ஒருபுறம், வரவு மறுபுறம் என்று ஒன்றையொன்று ஈடுகட்டுவதாக எண்ணிவிடக் கூடாது. இரண்டின் அளவுக்கும் தொடர்பே இல்லை.

இயற்பியலில் இப்படிப் பொருள் தோன்றுவதை வெளிப்படையாகவே முன்வைத்தவர்களும் உண்டு. 1948இல் ஹாயில், பாண்டி, கோல்ட் ஆகியோர், பேரண்டம் விரிய விரிய இடைவெளியை நிரப்பப் புதிய பொருள் தோன்றிக்கொண்டே இருக்கிறது என்றார்கள். ஜயந்த் நார்லிகர் 1960களில் ஹாயிலோடு சேர்ந்து அதற்கு ஒரு புலத்தை வரையறுத்து, எதிர்க்குறி ஆற்றலால் கணக்கை நேராக்கினார். நுண்ணலைப் பின்னணி கிடைத்தபின் அந்தக் கோட்பாடு பின்தங்கிவிட்டது. தோற்ற கோட்பாடு என்றாலும், கணக்கு எழுதாமல் பொருளைத் தோன்றவிடக் கூடாது என்ற அவர்களின் நேர்மை மதிக்கத் தக்கது.

மீதி எங்கே என்ற கேள்விக்கான விடையை நோதரிடம் தேடவேண்டும். விரியும் பேரண்டத்தில் நேற்றும் இன்றும் ஒன்றல்ல. வெளியின் அளவே காலத்தோடு மாறுகிறது. காடம்பாறையில் கற்பனை செய்த அந்த இரவும் மாலையும், பேரண்ட அளவில் உண்மையாகவே வேறுவேறு. சமச்சீர் இல்லாத இடத்தில் அதிலிருந்து பிறக்கும் விதியை எதிர்பார்க்க முடியாது. ஒளித்துகள் இழந்தது எங்கோ ஒளிந்திருக்கிறது என்று தேடுவது, போடப்படாத வரப்பைத் தேடுவதுபோல.

இழப்பு என்ற சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். ஒளியின் ஆற்றல் பார்ப்பவரைப் பொறுத்தது. ரயிலில் போகிறவருக்கும் தண்டவாளத்தோரம் நிற்பவருக்கும் ஒரே ஒளி வேறு நிறத்தில் தெரிவதால் ஒளி எதையும் தொலைத்துவிடவில்லை. 3,000 கெல்வின் வாயுவோடு இருந்த ஒருவரின் அளவையும், இன்று பூமியில் இருப்பவரின் அளவையும் ஒப்பிட்டுத்தான் 1,100 மடங்கு என்கிறோம். வளைந்த காலவெளியில் இவ்வளவு தள்ளியிருக்கும் இருவருக்கும் பொதுவான ஓர் அளவுகோலைத் தடுமாற்றமின்றி நீட்டிப் பிடிக்க வழியில்லை.

ஈர்ப்பின் ஆற்றலையும் சேர்த்துக்கொண்டால் மொத்தம் மாறாமல் இருக்காதா என்ற கேள்வி நியாயமானது. லோயர் கேம்ப்பில் செய்வது அதுதானே: உயரத்தில் நிற்கும் நீருக்கு ஈர்ப்பின் பேரால் ஒரு தொகை எழுதிக்கொள்கிறோம். ஐன்ஸ்டைனும் அதைத்தான் முயன்றார், ஈர்ப்புப் புலத்துக்கு ஓர் ஆற்றல் கோவையை எழுதினார். சிக்கல் அவருடைய கோட்பாட்டின் வேரிலேயே இருக்கிறது. சுருளி அருவியோடு விழும் ஒரு துளிக்கு, விழுந்துகொண்டிருக்கும்வரை, எடை தெரியாது. அந்தத் துளி இருக்கும் இடத்தில் ஈர்ப்புப் புலத்தையே அழித்துவிட்டதுபோல் எழுதலாம். அழித்து எழுதக்கூடிய ஒன்றுக்கு இந்தப் புள்ளியில் இவ்வளவு ஆற்றல் என்று சொல்ல முடியாது. 1918இல் ஷ்ரோடிங்கர், ஒரு விண்மீனின் ஈர்ப்புப் புலத்திலும் ஐன்ஸ்டைனின் கோவை பூஜ்யமாகும்படி ஆயங்களைத் தேர்ந்துகொள்ளலாம் என்று காட்டினார். அதே ஆண்டில் ஹான்ஸ் பௌவர், ஈர்ப்பே இல்லாத வெற்றுவெளியிலும் ஆயங்களை மாற்றினால் அது பூஜ்யமல்லாத மதிப்புத் தரும் என்று காட்டினார். எழுதும் முறையைப் பொறுத்து வந்துபோகும் எண்ணை இயற்கையின் இருப்பு என்று கொள்வது கடினம்.

அப்படியானால் முல்லைப் பெரியாற்று நீரின் ஆற்றல் எங்கே இருக்கிறது? நீருக்குள்ளா, பூமிக்குள்ளா, இடையிலுள்ள வெளியிலா? பொதுச் சார்பியல் இந்தக் கேள்விக்கு இடம் சுட்டி விடை தருவதில்லை. ஆனாலும் 0.8 யூனிட் என்ற கணக்கு பிழையாவதில்லை, ஏனெனில் பூமியின் ஈர்ப்பு காலத்தோடு மாறாமல் நிற்கிறது. இந்தச் சிறிய மூலையில் நேற்றும் இன்றும் ஒன்றே. விரிவின் வீதம் ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடியில் ஏறத்தாழ 70 பங்கு. அதுவும் ஈர்ப்பாலும் மின்விசையாலும் கட்டுண்டு கிடக்கும் மலையையும் அணையையும் குழாயையும் விரித்துவிடுவதில்லை. உள்ளூர்ச் சமச்சீர் உள்ளூர்க் கணக்கைக் காக்கிறது.

மொத்த ஆற்றல் திட்டவட்டமாக வரையறுக்கப்படும் பெரிய இடங்களும் உண்டு. ஓர் அமைப்பைச் சுற்றி, தொலைவில் வெளி தட்டையாகிவிட்டால், அந்தத் தொலைவில் நின்று மொத்தத்தை எடைபோடலாம். முடிவிலியில் போட்ட வரப்பு என்று அதைச் சொல்லலாம். 1959 முதல் 1962 வரை ஆர்னொவிட், டெசர், மிஸ்னர் அதைச் செய்தார்கள். அதற்கும் முன்பே, 1943இல், பி.சி. வைத்யா ஒளியை உமிழ்ந்து நிறை குறையும் விண்மீனின் ஈர்ப்புப் புலத்தை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து பெற்றிருந்தார். எவ்வளவு வெளியேறியதோ அவ்வளவு நிறை குறையும் கணக்கு அதில் தெளிவாக நிற்கிறது. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் பிடித்த ஈர்ப்பலை, இரண்டு கருந்துளைகள் இணைந்து சூரியனின் நிறையைப் போல் மூன்று மடங்கை அலையாக இழந்ததைக் காட்டியது. சுற்றிலும் வெறுமை இருந்ததால் அந்தக் கணக்கு போட முடிந்தது. பேரண்டத்துக்கு அத்தகைய தொலைவு இல்லை, எங்கு போனாலும் சராசரியாக அதே அளவு பொருள் நிறைந்திருக்கிறது.

மூடிய பேரண்டத்தின் மொத்த ஆற்றல் பூஜ்யம் என்று சிலர் சொல்வார்கள். நேர்க்குறிப் பொருளும் எதிர்க்குறி ஈர்ப்பும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன என்பது அதன் கருத்து. கேட்க நிறைவாக இருக்கிறது. ஆனால் அந்தப் பூஜ்யம், பேரண்டத்துக்குள் எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் பூஜ்யமாகவே இருக்கும். எதையும் தடுக்காத, எதையும் முன்கூட்டிச் சொல்லாத கணக்கு அது. அழிவின்மை விதியின் வலிமை முழுவதும், இது நடக்காது என்று அடித்துச் சொல்வதில்தான் இருந்தது. அந்த வலிமையால்தான் பௌலி ஒரு துகளையே ஊகிக்க முடிந்தது. ஆற்றல் அழிகிறது என்று ஒரு சாராரும், ஈர்ப்புப் புலத்துக்குப் போய்விடுகிறது என்று மற்றொரு சாராரும் எழுதுவதில் சமன்பாட்டளவில் வேறுபாடு கிடையாது. இரண்டையும்விட நேரான கூற்று ஒன்று உண்டு: ஒவ்வொரு சின்னப் பாத்திக்கும் கணக்கு நூறு விழுக்காடு சரி, பேரண்டம் முழுவதற்கும் மொத்தம் என்ற எண் வரையறுக்கப்படவே இல்லை. இல்லாத எண் கூடவும் முடியாது, குறையவும் முடியாது.

நியூட்ரினோவின் கதை இங்கே ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. பேரண்டம் பிறந்து ஏறத்தாழ ஒரு நொடியானபோது, ஆயிரம் கோடி டிகிரிச் சூட்டில், நியூட்ரினோக்கள் மற்றத் துகள்களோடு மோதுவதை விட்டுத் தனியே பயணப்பட்டன. அதன்பின் வெளி ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 500 கோடி மடங்கு விரிந்துவிட்டது. அவற்றின் உந்தமும் அதே மடங்கு தேய்ந்து, இன்று 1.95 கெல்வினுக்கு உரிய அளவில் நிற்கிறது. நியூட்ரினோவுக்கு மிகச் சிறிய நிறை உண்டு என்பதால், அந்த நிறைக்குரிய ஆற்றல் மட்டும் தேயாது. மற்றதெல்லாம் போய்விட்டது, யாருடைய பற்றிலும் எழுதப்படாமல். ஆற்றல் அழியாது என்ற விதியைக் காக்க மனித அறிவு கண்டெடுத்த துகளே, அந்த விதியின் மொத்தக் கூற்று செல்லாத இடத்துக்கு முதல் சாட்சியாக நிற்கிறது.

பொட்டிபுரத்தில் அமையவிருந்த கருவி இந்தப் பழைய நியூட்ரினோக்களுக்கானது அல்ல. வளிமண்டலத்தில் பிறக்கும் வேகமான நியூட்ரினோக்களை ஆராய்ந்து, மூன்று வகை நியூட்ரினோக்களின் நிறை வரிசையை அறிவதே அதன் நோக்கம். பழையவற்றின் ஆற்றல் மிகத் தேய்ந்துவிட்டதால் அவற்றைப் பிடிக்க வேறு வழிகள் வேண்டும். கணக்கின்படி, அம்பரப்பர் மலையின் பாறைக்குள்ளும், லோயர் கேம்ப் குழாயின் நீருக்குள்ளும், திராட்சைப் பந்தலுக்கு அடியிலும் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் சராசரியாக 336 இருக்கவேண்டும். இன்றுவரை உலகின் எந்த ஆய்வுக்கூடமும் அவற்றில் ஒன்றைக்கூட நேரடியாகப் பிடித்ததில்லை.